தூக்குக்குண்டும் மூலைமட்டமும்

பட்டிப்பொல இலங்கையின் மிக உயரமான ரயில் நிலையம். கடல் மட்டத்துக்கு மேலே சுமார் 1,890 மீட்டர். 1885இல் நானுஓயாவரை வந்து நின்ற தண்டவாளம், பிறகு இந்த மேட்டைக் கடந்து 1894இல் பண்டாரவளையைத் தொட்டது. மலையேற்றத்தில் இந்தப் பாதையின் கடுமையான சரிவு 44க்கு 1. அதாவது 44 அடி முன்னே போனால் ஓரடி மேலே போயிருப்போம். கோணமாகச் சொன்னால் 1.3 பாகை, கண்ணுக்குப் பிடிபடாத சாய்வு. ஆனால் கோச்சிப் பெட்டியின் கூரையிலிருந்து ஒரு மீட்டர் நூலில் குண்டு ஒன்றைத் தொங்கவிட்டால், வளைவில்லாத பாதையில் சீரான வேகத்தில் ஏறும் வண்டிக்குள் அது தரைக்கு மூலைமட்டமாக நிற்காது, ஏறத்தாழ 2.3 சென்டிமீட்டர் பின்னால் தள்ளி நிற்கும். பெட்டியின் சுவரோ தரைக்கு மூலைமட்டம் பிடித்துப் பொருத்தப்பட்டது. குண்டு ஒரு திசையைக் காட்டுகிறது, மட்டம் இன்னொரு திசையைக் காட்டுகிறது. இரண்டில் எதைச் செங்குத்து என்பது?

கேள்வி சொல்விளையாட்டு அல்ல. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் இரண்டுக்குமே பெரும்பாலும் அந்த ஒரே சொல்தான். ஒரு கோட்டுக்கு 90 பாகையில் நிற்கும் கோடும் செங்குத்து. பந்தை வானத்தை நோக்கி நேரே எறிந்தால் அதுவும் செங்குத்தாக மேல்நோக்கி எறிவது. இலங்கைப் பாடநூல்கள் இங்கே மூன்று சொற்களைப் பிரித்து வைத்திருக்கின்றன. ஒரு கோட்டுக்கு இன்னொரு கோடு 90 பாகையில் இருந்தால் செங்குத்து. புவியீர்ப்பின் வழியே, தூக்குக்குண்டின் நூல்போல இருந்தால் நிலைக்குத்து. ஒரு தளத்தின் அல்லது வளைபரப்பின் மீது, தொடும் புள்ளியில் 90 பாகையில் எழும் கோடு செவ்வன். கண்ணாடியில் ஒளி தெறிப்பதைப் படிக்கும் மாணவர் படுகோணத்தைச் செவ்வனிலிருந்துதான் அளக்கிறார்; இணைந்த கணிதத்தில் சாய்தளத்தின்மீது பெட்டியை வைப்பவர் செவ்வன் மறுதாக்கத்தைக் குறிக்கிறார். சுதந்திரத்துக்குப் பின், பள்ளிக் கணிதமும் பௌதிகமும் சுதேச மொழிகளுக்கு மாறிய காலத்தில், அரசகரும மொழித் திணைக்களம் துறைதோறும் வெளியிட்ட கலைச்சொல் தொகுதிகளின் வழியே நிலைபெற்ற மொழி இது. இந்தப் பிரிவினை வெறும் நுணுக்கம் பார்க்கும் குணம் அல்ல என்பதும், மூன்றிலும் செவ்வன் என்ற சொல் அதன் ஆங்கில மூலமான 'நோர்மல்' என்பதைவிடத் தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது என்பதும் என் வாதம்.

செங்கோணத்தைச் சுட்டும் உலகச் சொற்களைத் தோண்டினால் அடியில் கிடப்பவை இரண்டு கருவிகள். முதலாவது தூக்குக்குண்டு. ஆங்கிலத்தின் 'பெர்பெண்டிகுலர்' லத்தீனின் 'பெர்பெண்டிகுலும்' என்பதிலிருந்து வந்தது. பொருள், தொங்கவிடப்பட்ட குண்டுநூல். யூக்ளிட் கையாண்ட கிரேக்கச் சொல் 'கதேதோஸ்', கீழே இறக்கிவிடப்பட்டது. வடமொழியின் 'லம்ப' என்பதும் தொங்குவதுதான். லம்போதரன் என்ற பிள்ளையாரின் பெயரில் தொங்குவது வயிறு, லம்பத்தில் தொங்குவது நூல். பழைய தமிழ்க் கணித நூல்களில் லம்பம் புழங்கியது, மலையாளத்தில் இன்றும் புழங்குகிறது. மூன்று மொழிகளும் ஒரே கொத்தனாரின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தன என்று தோன்றும். தமிழின் குத்து மட்டும் எதிர்த்திசையில் நிற்கிறது. குத்துக்கல், குத்துவிளக்கு, குத்துக்காலிட்டு உட்காருவது எல்லாம் கீழிருந்து மேலே நிமிர்ந்தவை. மற்றவர்கள் மேலிருந்து இறங்கியதைப் பார்த்தார்கள். தமிழ் தரையில் ஊன்றி எழுந்ததைப் பார்த்தது. எப்படிப் பார்த்தாலும் சாட்சி புவியீர்ப்புதான்.

இரண்டாவது கருவி மூலைமட்டம். அதற்கு லத்தீனில் 'நோர்மா' என்று பெயர். நிழற்கடிகாரத்தின் முளைக்கும் தச்சரின் மட்டத்துக்கும் பொதுவாக இருந்த 'க்னோமோன்' என்ற கிரேக்கச் சொல்லோடு அதைச் சொல்லாய்வாளர்கள் சேர்த்துப் பார்ப்பதுண்டு. 'நோர்மாலிஸ்' என்றால் மூலைமட்டம் வைத்துச் செய்தது, மூலை சரியாக உள்ளது. 'நோர்மல்' என்ற சொல்லின் முதற்பொருள் இதுவே. மட்டத்துக்கு ஒத்தது என்பதிலிருந்து விதிக்கு ஒத்தது என்றும், விதிக்கு ஒத்தது என்பதிலிருந்து வழக்கமானது என்றும் அது வழுக்கிக்கொண்டே போனது. வழக்கமானது என்ற பொருள் ஆங்கிலத்தில் ஊன்றியது 19ஆம் நூற்றாண்டில்தான். காய்ச்சல் இறங்கியதும் 'இப்ப நோமல்' என்று ஆஸ்பத்திரியில் சொல்கிறார்களே, அந்தச் சொல்லுக்குள் ஒரு ரோமானியத் தச்சரின் மட்டம் கிடக்கிறது. 'எனார்மஸ்' என்ற பிரம்மாண்டமும் அதே வீட்டுப் பிள்ளை. மட்டத்துக்கு வெளியே போய்விட்டது என்பது அதன் மூலப்பொருள்.

தச்சரின் கருவியிலிருந்து அறத்துக்கும் அறிவுக்கும் சொல் ஏறுவது ரோமாபுரிக்கு மட்டும் நேர்ந்ததல்ல. நூல் என்பது இழையும் ஆகும், ஏடும் ஆகும். மரத்தின் கோணலைத் தச்சரின் நூல் காட்டித் திருத்துவதுபோல மனத்தின் கோணலை ஏடு திருத்துகிறது என்று நன்னூல் பாயிரம் இந்த இரட்டைப் பொருளுக்கு விளக்கம் சொல்கிறது. அரண்மனைக்கு மனை வகுக்கும்போது நிழல் பார்க்க நட்ட கோல்களையும் கயிறு பிடித்துத் திசை குறித்ததையும் நெடுநல்வாடை பதிவுசெய்திருக்கிறது. கோலின் கதையும் அதுவே. நேராக இருப்பது செங்கோல், வளைந்தது கொடுங்கோல்; திருக்குறளில் செங்கோன்மையும் கொடுங்கோன்மையும் 55ஆம் 56ஆம் அதிகாரங்களாக அடுத்தடுத்து நிற்கின்றன. செங்கோலுக்கும் செங்கோணத்துக்கும் முன்னொட்டு ஒன்றுதான்.

அந்த முன்னொட்டின் மேல்தான் முதல் தடை எழும். செம் என்றால் சிவப்பு அல்லவா? செங்கல்லும் செந்தாமரையும் செம்மண்ணும் அப்படித்தானே? சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி செம்மை என்ற சொல்லுக்குச் சிவப்பு, நேர்மை, ஒழுங்கு ஆகிய பொருள்களைச் சேர்த்தே தருகிறது. எந்த இடத்தில் எந்தப் பொருள் என்பதை அடுத்து வரும் சொல் முடிவுசெய்கிறது. கோலும் குத்தும் நிறத்தால் பெயர் பெறுபவை அல்ல. இரண்டாவது தடை இன்னும் கூர்மையானது. கோணம் என்பது வளைவு. கோணல், கோணங்கி, கோணிக்கொண்டு போவது எல்லாமே நேராக இல்லாதவை. கோண் தமிழா வடமொழியா என்ற வழக்கு எப்படிப் போனாலும், தமிழ்க் காதுக்கு அது வளைவுதான். அப்படியென்றால் செங்கோணம் என்பது 'நேரான வளைவு', தன்னைத்தானே மறுக்கும் சொல். நேராக இருப்பதை 180 பாகைக்குத்தானே கொடுக்க வேண்டும்? 90 பாகைக்கு அந்தப் பட்டம் எப்படிச் சேர்ந்தது?

யூக்ளிட் இதற்குப் பதில் வைத்திருக்கிறார். முதல் புத்தகத்தின் 10ஆம் வரையறையில் அவர் 90 என்ற எண்ணைச் சொல்லவில்லை. ஒரு கோட்டின்மேல் இன்னொரு கோடு நிற்கும்போது இருபக்கமும் எழும் அடுத்தடுத்த கோணங்கள் ஒன்றுக்கொன்று சமமானால் அவை ஒவ்வொன்றும் செங்கோணம் என்கிறார். ஆக நேர்மை வளைவில் இல்லை, நிற்பதில் இருக்கிறது. இந்தப் பக்கமும் சாயாமல் அந்தப் பக்கமும் சாயாமல் நிற்கும் கோலின் நேர்மை அது. கிரேக்கத்தின் 'ஓர்தோஸ்' நிமிர்ந்தது, லத்தீனின் 'ரெக்துஸ்' நேராக்கப்பட்டது, தமிழின் செம்மை கோடாதது. மூன்றும் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. இந்த வரையறையில் புவியீர்ப்பு கிடையாது என்பதையும் கவனிக்க வேண்டும். அடிக்கோடு எப்படிச் சாய்ந்திருந்தாலும், அதன் மீது நிற்கும் கோடு இருபுறமும் சமமாகப் பங்கிட்டால் போதும். சொற்கள் குண்டிலிருந்து வந்தபோதும், வரையறை குண்டை வெளியே அனுப்பிவிட்டது. குழப்பத்தின் வேர் அங்கே இருக்கிறது. சமதரையில் இரண்டும் ஒத்துப்போவதால் யாரும் கவனிப்பதில்லை. சரிவுக்கு வந்ததும் சொல் இரண்டாக உடைகிறது.

மலைநாட்டில் எங்கு பார்த்தாலும் அந்த உடைப்பு தெரியும். சரிவில் முளைத்த மரம் நிலத்துக்குச் செவ்வனாக வளர்வதில்லை. வானத்தை நோக்கி நிலைக்குத்தாக வளர்கிறது. மரம் எதைக் கேட்டு வளர்கிறது என்பதை 1806இல் தாமஸ் ஆண்ட்ரூ நைட் நீர்ச்சக்கரத்தில் விதைகளைக் கட்டிச் சுழற்றிப் பார்த்தார். சக்கரம் கிடையாகச் சுழன்றபோது முளைகள் நேரே மேலே போகாமல், ஈர்ப்பும் சுழற்சியும் கூடிய திசையை அனுசரித்துச் சாய்ந்து வளர்ந்தன. தாவர உயிரணுக்களுக்குள் அடியில் படியும் மாப்பொருள் மணிகளே மரத்துக்குத் திசையை உணர்த்தும் தூக்குக்குண்டு. மரத்துக்கு மூலைமட்டம் தெரியாது, குண்டு மட்டும்தான் தெரியும். தேயிலைச் செடிக்கும் அதுதான் இயல்பு. ஆனால் அதன் தலைப்பை மனிதக் கை வேறுவிதமாக வைத்திருக்கிறது. கவ்வாத்தும் கொழுந்தெடுப்பும் நிலத்தின் சரிவுக்கு இணையாகவே நடப்பதால், பச்சைப் பரப்பு மலையோடு சேர்ந்து சாய்ந்திருக்கும். செடிமேல் மட்டக்கம்பை வைத்துப் பார்த்து அதற்கு மேலே வந்த கொழுந்தைக் கிள்ளும்போது, அந்த மட்டம் தண்ணீர் நிற்கும் மட்டம் அல்ல, மலையின் மட்டம். தண்டு நிலைக்குத்து, தலைப்பு சாய்வு. இரண்டுக்கும் நடுவே செங்கோணம் இல்லை. தலைப்புக்குச் செவ்வன் எது என்று கேட்டால் அது தண்டின் வழியே போகாது, பள்ளத்தாக்குப் பக்கம் சாய்ந்து போகும்.

தோட்டத் தொழிலாளரின் வரிசைவீடான லயத்தின் கதை நேர்மாறு. 'லைன்' என்ற ஆங்கிலச் சொல் தோட்டத்தில் லயமாகிவிட்டது. அந்த 'லைன்' லத்தீனில் சணல்நூலைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது என்பதால், இங்கும் ஒரு கொத்தனாரின் நூல் நுழைந்துவிடுகிறது. லயம் கட்டுபவர் சரிவை வெட்டிச் சமப்படுத்திய பிறகே மூலைமட்டம் வைக்கிறார். மட்டமும் குண்டும் சண்டை போடாமல் இருக்கச் செலுத்தப்படும் கூலி அந்த மண்வெட்டு. மழைத்தண்ணீருக்கு அந்தச் சமரசம் தேவையில்லை. அது சமவுயரக் கோடுகளுக்குச் செங்குத்தாக, மிகக் குறுகிய இறக்கத்தில் ஓடும். அதனால்தான் மண்ணைக் காப்பாற்ற வெட்டும் கான்கள் மலையின் குறுக்கே, சமவுயரக் கோட்டை ஒட்டி, சிறிதளவே சாய்வாகப் போகின்றன. இங்கே செங்குத்து என்பது கிடைப்படத்தில் வரையப்படும் 90 பாகை. நிலைக்குத்து என்ற சொல்லை அந்த இடத்தில் வைத்தால் வாக்கியமே பிழையாகிவிடும்.

நிழலையும் சாட்சிக்கு அழைக்கலாம். பட்டிப்பொல பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 6.85 பாகையில் இருப்பதால், ஏப்ரல் 7 வாக்கிலும் செப்டெம்பர் 5 வாக்கிலும் நண்பகலில் சூரியன் உச்சிக்கு மேலே வருகிறது. அந்த வேளையில் குண்டு பிடித்து நட்ட கோலுக்குப் பக்கவாட்டு நிழல் இல்லை. மலைச்சரிவுக்கு மூலைமட்டம் பிடித்து நட்ட கோலுக்கு நிழல் உண்டு. சரிவு 30 பாகையானால், கோலின் நீளத்தில் பாதிக்கு மேல் போகும் நிழல். வானம் பார்க்கிறவருக்குக் 'கோலைச் செங்குத்தாக நடு' என்று மட்டும் சொல்லி அனுப்பினால், அவர் எந்தக் கோலோடு திரும்புவார் என்பது அவர் எந்த ஊரில் படித்தார் என்பதைப் பொறுத்தது.

வகுப்பறையில் இந்தக் குழப்பத்துக்கு மதிப்பெண் விலை உண்டு. சாய்தளத்தின் மீதுள்ள பெட்டியின் நிறை நிலைக்குத்தாகக் கீழே இழுக்கிறது. தளம் செவ்வனாகத் தள்ளுகிறது. 30 பாகைச் சரிவில் தளத்தின் தள்ளல் நிறையில் 0.87 பங்கு, சரிவின் வழியே கீழே இழுப்பது சரிபாதி. இரண்டு விசைகளையும் ஒரே கோட்டில் எதிரெதிரே வரைந்துவிட்டால் பெட்டி நழுவவே நழுவாது. கணக்கு அங்கேயே செத்துவிடும். ஒரே சொல்லை இரண்டு அம்புகளுக்கும் கொடுத்தால் அந்தத் தவறை மொழியே சொல்லிக்கொடுப்பதாகிறது. 44க்கு 1 ஏற்றத்தில் 100 தொன் வண்டியைத் தண்டவாளம் ஏறக்குறைய முழுதாகவே தாங்குகிறது. ஆனால் அந்த 1.3 பாகை வித்தியாசம் 2.3 தொன் நிறைக்குச் சமமான இழுவையைப் பின்னோக்கித் தருகிறது. எஞ்சின் போராடுவது அந்த வித்தியாசத்தோடுதான்.

இதெல்லாம் மலைக்காரர்களின் பிரச்சினை, சமவெளிக்கு ஒரு சொல் போதும் என்று ஒருவர் சொல்லலாம். கங்கைச் சமவெளியே அதற்குப் பதில் சொல்லியிருக்கிறது. இந்தியாவின் பெரும் முக்கோண அளவையில் கலியானா, கலியான்பூர் என்ற இரண்டு நிலையங்களுக்கு இடையிலான அகலாங்கு வித்தியாசத்தை நிலத்தில் அளந்தும், குண்டின் துணையோடு விண்மீன் பார்த்தும் கணக்கிட்டார்கள். இரண்டு விடைகளும் 5.2 விகலை முரண்பட்டன. நிலத்தில் அது சுமார் 160 மீட்டர். இமயமலையின் பருமன் குண்டைத் தன் பக்கம் இழுத்திருந்தது. இழுப்பு எவ்வளவு இருக்க வேண்டும் என்று ஜான் பிராட் 1855இல் கணக்கிட்டபோது ஏறத்தாழ 15.9 விகலை வந்தது. உண்மையில் இழுத்தது அதில் மூன்றில் ஒரு பங்கு. மலைகளுக்கு அடியில் அடர்த்தி குறைந்த பாறை வேர்போல இறங்கியிருக்கிறது என்ற எண்ணத்தை ஜார்ஜ் ஏரி அதே ஆண்டில் முன்வைத்தார். புவியின் மேலோடு மிதப்பது பற்றிய இன்றைய அறிவு அங்கிருந்து வளர்ந்தது. புவியின் கணித வடிவத்துக்கு எழுப்பும் செவ்வனும் அங்கே தொங்கும் குண்டின் நிலைக்குத்தும் ஒன்றல்ல என்ற நுண்ணிய வேறுபாடுதான் அந்தக் கண்டுபிடிப்பின் வாசல். தட்டையான வயலில் நிற்கிறவருக்கும் இரண்டு சொல் வேண்டும்; அவருக்குத் தேவைப்படுவது விகலைக் கணக்கில், பட்டிப்பொலவில் நிற்பவருக்குப் பாகைக் கணக்கில்.

வேர்ச்சொல் பொருளைத் தீர்மானிக்காது என்ற மறுப்பும் நியாயமானதே. ஆங்கிலக்காரர் 'பெர்பெண்டிகுலர்' என்று சொல்லும்போது குண்டை நினைப்பதில்லை. நாமும் செங்கோணத்தில் செங்கோலை நினைப்பதில்லை. ஆனால் சொல்லை மொழிபெயர்ப்பவர் ஒரு பொருளைத் தேர்ந்தாக வேண்டும், அப்போது வேர் குறுக்கே வருகிறது. புள்ளியியலின் 'நோர்மல்' பரம்பல் இதற்குச் சரியான சோதனை. தமிழ்நாட்டில் அது இயல்நிலைப் பரவல், இலங்கையில் செவ்வன் பரம்பல். இலங்கைக்காரர்கள் மேசைத் தச்சரின் சொல்லைக் கொண்டுபோய் மணிவடிவ வளைகோட்டில் மாட்டிவிட்டார்கள், வழக்கமானது என்ற பொருளைத் தவறவிட்டார்கள் என்று சிரிக்கத் தோன்றும். நான் அப்படிப் பார்க்கவில்லை. டி மோய்வர் 1733இலும் காவுஸ் 1809இலும் கையாண்ட அந்த வளைகோட்டுக்கு அப்போது இந்தப் பெயர் கிடையாது. 1870களில் பேர்ஸ், கால்டன், லெக்சிஸ் ஆகியோர் எழுத்தில் அது தோன்றியது, கார்ல் பியர்சன் பரப்பினார். பின்னாளில் பியர்சனே அதற்கு வருந்தினார்: மற்றப் பரம்பல்கள் எல்லாம் ஏதோ ஒருவகையில் வழக்குமீறியவை என்று மக்கள் நம்பிவிட இந்தப் பெயர் இடம்கொடுக்கிறதாம். இயல்நிலை என்ற பெயர் அந்த வருத்தத்தையும் சேர்த்தே மொழிபெயர்த்துவிட்டது. செவ்வன் அதிலிருந்து தப்பியது. பணியைச் செவ்வனே முடித்தார் என்று நாம் சொல்லும்போது, அது வழக்கமானது என்று சொல்வதில்லை, ஒழுங்கானது என்கிறோம். தச்சரின் மட்டமும் விதியும் ஒரே சொல்லில் குடியிருக்கும் லத்தீன் வீட்டைப் போன்ற வீடு இது. வழக்கமானது என்ற வாடகைக்காரருக்கு மட்டும் இடம் தரவில்லை. அந்த வளைகோட்டின் பக்கத்துவீட்டில் செங்கோணம் உண்மையாகவே இருக்கிறது. காவுஸின் மீச்சிறு வர்க்க முறையில், அளவீடுகளை ஒரு புள்ளியாகவும் பொருத்தக்கூடிய விடைகளை ஒரு தளமாகவும் பார்த்தால், மிக நல்ல விடை அந்தப் புள்ளியிலிருந்து தளத்துக்கு இறக்கிய செங்குத்தின் அடி. எஞ்சும் பிழை தளத்துக்குச் செவ்வன்.

இலங்கைச் சொற்கள் எல்லாமே இப்படிக் கைகொடுக்கின்றன என்று சொல்ல வரவில்லை. செங்கோண முக்கோணியில் செங்கோணத்துக்கு எதிரே உள்ள பக்கத்தைத் தமிழ்நாடு கர்ணம் என்கிறது, இலங்கை செம்பக்கம் என்கிறது. மூன்று பக்கங்களில் செங்கோணத்தைத் தொடாத ஒரே பக்கத்துக்குச் செம்மைப் பட்டம்! செங்கோணத்தைப் பார்த்திருக்கும் பக்கம் என்று சமாதானம் சொல்லலாம். அந்தச் சமாதானத்தைப் படிக்கும் பிள்ளை ஒவ்வொரு முறையும் மனத்தில் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கும். இங்கே கர்ணமே பரவாயில்லை.

பட்டிப்பொலவைத் தாண்டிச் சிறிது தூரத்தில் பாதையின் உச்சிமட்டம் வருகிறது. அதைக் குறிக்கும் பலகையும் அங்கே இருக்கிறது. ஏறி வந்த தண்டவாளம் அங்கே கிடையாகி, பிறகு சுரங்கத்தின் வழியே ஒஹிய பக்கம் இறங்கத் தொடங்குகிறது. நானுஓயாவிலிருந்து வண்டியின் பின்பக்கம் ஒதுங்கியிருந்த குண்டுநூல், அந்தக் கிடைத்தண்டவாளத்தில் பெட்டியின் சுவருக்கு இணையாக வந்து நிற்கும். செவ்வனும் நிலைக்குத்தும் ஒரே கோடாகும். சுரங்கத்துக்கு அப்பால் அது எஞ்சின் பக்கம் சாயும்.